கத்தியைத் தாங்கும் உடம்பு

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவைக் கவனிக்கும் கஸ்தூரி சென்ற மாதம் போனில் பேசினார். என்னோடு சில வருடங்கள் வேலை பார்த்தவர். சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் காத்திருக்கிற நோயாளிகளுக்கென்றே அங்கே தனியாக ஒரு அறை திறந்திருக்கிறார்களாம். ஆபரேஷனுக்கு முன்பே அவர்களுடைய கைப்பிடியின் பலத்தை அளக்கிறார்கள், நடக்கவைத்துப் பார்க்கிறார்கள், தசை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று படம் எடுக்கிறார்கள். தளர்ந்தவர்களைத் தேற்றிய பிறகுதான் கத்தி வைப்பது என்று முடிவாம். "உங்க காலத்துல இப்படியெல்லாம் யாரும் யோசிச்சாங்களா சார்?" என்று கேட்டார். யோசித்தார்கள் என்றேன். அது போனில் சொல்லி முடிகிற கதையாக இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மெட்ராஸில் படிப்பை முடித்துவிட்டு நான் கோவில்பட்டிக்கு வந்தது எழுபதுகளின் பிற்பாதியில். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், மெஸ் சாப்பாட்டில் இளைத்தேன், ஊருக்கே திரும்பினேன். பிசியோதெரபிஸ்ட் என்றால் என்னவென்று அன்று கோவில்பட்டியில் யாருக்கும் தெரியாது. முகம் கோணிப்போனவர்களுக்கும் இளம்பிள்ளைவாதம் வந்த குழந்தைகளுக்கும் சின்ன மின்சாரப் பெட்டியை வைத்துச் சிகிச்சை கொடுப்பேன். அதனால் 'கரண்டு வைக்கிற அண்ணாச்சி' என்று பெயர் நிலைத்துவிட்டது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில், டாக்டர் அருணகிரி நடத்திய நர்சிங் ஹோமில் எனக்குப் பின்பக்கம் ஓர் அறை. மில்லில் தோள்பட்டை இறுகிப்போன பெண்கள், தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கும்போது கை சுட்டுக்கொண்டவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள். வேலைக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

டாக்டர் அருணகிரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். யாரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார், தெருக்கூட்டுகிறவரையும் கூட. கோபம் வந்தால் குரல் உயராது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பிப்பார். அவர் அதிக நேரம் துடைத்தால் நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அவருடைய அறை வாசலுக்கு நேரெதிரே ஒரு பெஞ்சு கிடந்தது. வழக்கத்தைவிடத் தாழ்வான பெஞ்சு. நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு அவர் எப்படி எழுந்திருக்கிறார் என்று பார்ப்பார். முழங்காலில் கை ஊன்றுகிறாரா, பக்கத்து ஆளின் தோளைப் பிடிக்கிறாரா, ஒரே தடவையில் எழுகிறாரா. தச்சரிடம் சொல்லி வேண்டுமென்றே அதன் கால்களைக் குட்டையாக அறுக்கவைத்தாராம். நோயாளி உள்ளே வந்ததும் வணக்கம் சொல்லுகிற மாதிரி கையைப் பிடித்துக்கொள்வார். "நல்லா இறுக்கிப் பிடிங்க, பாப்போம்" என்பார். அதன் பிறகுதான் ஸ்டெதாஸ்கோப்.

நான் சேர்ந்த புதிதில் தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர் படுத்திருந்தார். முறிந்த கால் ஒழுங்காகக் கூடிக்கொண்டிருந்தது. டாக்டர் என்னிடம் தையல்காரர் வைத்திருக்கிற டேப்பை வாங்கிவரச் சொல்லி, அவருடைய இரண்டு தொடைகளையும் வாராவாரம் அளக்கச் சொன்னார். முறியாத காலும் சுருங்கிக்கொண்டே வந்தது. வேளாவேளைக்குச் சாப்பாடு, நல்ல உறக்கம், இருந்தும் சதை போய்க்கொண்டிருந்தது. "படுக்கை சும்மா கிடக்கல. அதுவும் தின்னுக்கிட்டேதான் இருக்கு" என்றார் டாக்டர். அன்றிலிருந்து படுத்திருக்கிறவர்களைப் பார்க்கிற என் பார்வை மாறியது.

சுப்பையா எங்களிடம் வந்தது எண்பதுகளின் நடுவில். நாகலாபுரத்துக்காரர். முப்பது வயதைத் தாண்டியிருக்கமாட்டார். பருத்தியும் மிளகாயும் விளைகிற நிலம் வைத்திருந்த குடும்பம். மிளகாய் மூட்டையை ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்றுவார் என்று அவர் மனைவி செல்லத்தாய் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. அன்று அந்தப் பெஞ்சிலிருந்து அவரைச் செல்லத்தாய் அக்குளில் கை கொடுத்துத்தான் தூக்கிவிட்டார்.

இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. ஒரு வருடமாக வாரத்துக்கு இரண்டு தடவை மதுரைக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். அவருடைய அக்கா ராமலட்சுமி தன்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க முன்வந்திருந்தார். உள்ளூரிலேயே வாக்கப்பட்டவர், தம்பி நிலத்துக்கு அடுத்த வரப்பில்தான் அவர் புருஷன் நிலமும். இருவரையும் மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதித்தார்கள். ரத்தம் பொருந்தியது. எல்லாம் பொருந்தியது. ஆனால் அங்கிருந்த சர்ஜன் சுப்பையாவைக் கட்டிலில் இருந்து எழுந்து நிற்கச் சொன்னார். அவரால் முடியவில்லை. இந்த உடம்பு கத்தியைத் தாங்காது என்று சொல்லிவிட்டார் சர்ஜன். ஆபரேஷன் முடிந்தால் இருமிச் சளியைத் துப்ப வலு வேண்டும், மறுநாளே எழுந்து உட்கார வேண்டும். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்கக் கொடுக்கிற மாத்திரைகளே மேலும் சதையைக் கரைக்கும். கையிருப்பு இல்லாத ஆளிடமிருந்து அவை எதைக் கரைக்கும்? பொங்கல் கழித்து, நடக்கிற ஆளாகத் திரும்பி வாருங்கள், இல்லாவிட்டால் என்னால் செய்ய முடியாது என்று அனுப்பிவைத்துவிட்டார்.

அதைச் சொல்லிவிட்டுச் செல்லத்தாய் அழுதார். "எடை ஒண்ணும் குறையல டாக்டரையா. மதுரையில நிறுத்துப் பாக்கும்போதெல்லாம் அப்படியேதான் இருக்கு. பொறவு எப்படிச் சத்தில்லங்காவ?" என்று கேட்டார்.

டாக்டர் சுப்பையாவின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது. "நீங்க நிறுக்கதுல பாதி தண்ணிம்மா" என்றார். சதை போன இடத்தில் நீர் வந்து உட்கார்ந்துகொண்டது. எடைத்தட்டு இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்காது. பிறகு நீர் தேங்காத இடங்களை எனக்குக் காட்டினார். நெற்றிப்பொட்டு இரண்டிலும் பள்ளம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புடைத்திருக்க வேண்டிய சதை குழிந்து கிடந்தது. தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

அடுத்து, என்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்தார். இப்படி விசாரிப்பதில் அவருக்கு இணையாக ஒருவரை நான் பார்த்ததில்லை. 'என்ன சாப்பிடுவீங்க' என்று பொதுவாகக் கேட்கமாட்டார். நேற்றுக் காலையில் எழுந்ததும் முதலில் வாயில் போட்டது என்ன என்று ஆரம்பித்து, படுக்கிறவரை ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்கக் கேட்க விஷயம் தெரிந்தது. நோய் கண்ட புதிதில், மெஷினில் ஏறுவதற்கு முன்பு, முட்டை கறி மீன் பருப்பு எதையும் தொடக்கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அது சரியான யோசனைதான். மெஷினுக்குப் போன பிறகு அது மாற வேண்டும். மெஷின் கெட்டதைக் கழுவும்போது நல்லதையும் கொஞ்சம் சேர்த்தே கழுவிவிடும். அதை ஈடுகட்டச் சாப்பிட்டே ஆக வேண்டும். பழைய கட்டளையை யாரும் மாற்றிச் சொல்லவில்லை, அல்லது சொன்னது இவர்கள் காதில் ஏறவில்லை. ஒரு வருடமாக அந்த மனிதர் வடித்த சோற்றையும் ரசத்தையும் தின்றே வாழ்ந்திருக்கிறார். உப்பும் இல்லாத ரசம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். யார் மேல் கோபமென்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

அன்று போட்ட திட்டம் எளிமையானது. தினமும் முட்டை வெள்ளைக்கரு, மீன் கிடைக்கிற நாளில் மீன், இல்லாவிட்டால் கொஞ்சம் கோழி. காய்கறியைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். கீரை, பழம், இளநீர், கடலை மிட்டாய் கூடாது. தண்ணீருக்கு அளவு ஒரு சொம்பு, அதற்கு மேல் இல்லை. கரிசல் காட்டு வெயிலில் ஒருவனை ஒரு சொம்புத் தண்ணீரில் நிறுத்துவது எவ்வளவு கொடுமை என்று அங்கே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மீதி என் பங்கு. முதலில் அவருடைய பலத்தை அளந்தேன். அன்று எங்களிடம் அதற்கென்று கருவி கிடையாது. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியின் பட்டையைச் சுருட்டி நூலால் கட்டி, கொஞ்சம் காற்றடித்து, அவர் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னேன். பாதரசம் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு. என் கையில் குழாயின் உச்சிவரை போகும். சுப்பையாவின் கையில் அது எழுந்து, பாதிக்கும் கீழேயே நின்று நடுங்கியது. அவர் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் என்ன செய்வார் என்று கேட்டேன். செல்லத்தாய்தான் பதில் சொன்னார். குளிப்பாட்டிவிடுவது, சோறு ஊட்டிவிடுவது, வேட்டி கட்டிவிடுவது எல்லாம் அவர்தான். "அவிய கையால ஒரு சொம்பக் கூடத் தூக்க விடமாட்டேன் அண்ணாச்சி. இருக்க தெம்பாவது இருக்கட்டும்லா" என்றார். தெம்பு என்பது பானையில் இருக்கிற அரிசி மாதிரி, எடுக்காமல் வைத்திருந்தால் மிஞ்சும் என்று நினைத்திருந்தார். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். நான் எப்படிச் சொல்வதென்று தயங்கினேன். டாக்டர் சொன்னார். "நீங்க அவரை ரொம்ப நல்லாப் பாத்துக்கிடுதீங்கம்மா. இனிமே கொஞ்சம் கம்மியாப் பாத்துக்கிடுங்க."

செல்லத்தாய்க்குக் கண்ணில் நீர் நின்றபடியே சிரிப்பு வந்துவிட்டது.

மதுரைக்குப் போகிற நாளில் அவர்கள் கோவில்பட்டியில்தான் ரயில் ஏறுவார்கள். ரயிலுக்கு முன்னால் என்னிடம் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் நாகலாபுரத்துக்குப் பஸ் ஏறிப் போவேன். முதலில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது. பிறகு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது. நாற்காலியின் மேல் தலையணைகளை அடுக்கி உயரமாக்கி ஆரம்பித்தோம். எழ முடிந்ததும் ஒரு தலையணையை உருவிவிடுவேன். மெஷினுக்கு ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை ஆபரேஷன் செய்து இணைத்திருந்த இடது கையில் மட்டும் எதையும் கட்டக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. அந்த மணிக்கட்டில் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் சலசலவென்று ஓடுவது தெரியும். வலது கைக்கும் கால்களுக்கும் துணிப்பையில் மணலை நிரப்பிக் கட்டினோம். மெஷினில் இருந்து இறங்கிய அன்று எதுவும் கிடையாது. அன்று உடம்பு வெறும் சக்கை.

கடைசித் தலையணையை உருவியும் அவர் எழுந்த பிறகு நடை. அங்கேதான் சிக்கல் வந்தது. சுப்பையா தெருவில் இறங்கமாட்டேன் என்றார். அந்தத் தெருவில் வேறு மாதிரி நடந்த ஆள். முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார். ராமலட்சுமி வந்து, விடியற்காலையில் களத்தில் நடக்கலாம், யாரும் இருக்கமாட்டார்கள் என்று சொல்லிக் கூட்டிப்போனார். ஐப்பசி மழையில் களமும் போயிற்று. கரிசல் மண் நனைந்தால் ஓர் அடி வைப்பதற்குள் ஒரு படி மண் காலில் ஒட்டிக்கொள்ளும். சதை உள்ளவனுக்கே இழுக்கும். ராமலட்சுமி தன் வீட்டுப் பருத்தி அறையைக் காலி செய்து, அதற்குள்ளேயே தம்பியைச் சுற்றிச் சுற்றி நடக்கவைத்தார். நடந்துகொண்டே பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, ஊர் வம்பெல்லாம் பேசவைத்தே நடத்தினார்.

மார்கழி பிறக்கும்போது பாதரசம் பாதியைத் தாண்டியது. நெற்றிப்பொட்டுப் பள்ளம் கொஞ்சம் மேடேறியது. கன்னத்தில் சதை பிடித்தது. பொங்கல் கழிந்ததும் மெட்ராஸ் என்று எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டோம்.

பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, உச்சி வெயிலில் ஒரு வாடகைக் கார் நர்சிங் ஹோம் வாசலில் வந்து நின்றது. பின் சீட்டில் சுப்பையா துணிமூட்டை மாதிரி சரிந்து கிடந்தார். முழு நினைவிருந்தது. கண்ணை உருட்டிப் பார்த்தார். கையும் காலும் அசையவில்லை. ராமலட்சுமிதான் கொண்டுவந்திருந்தார். செல்லத்தாய் காட்டு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பார்க்க வந்த உறவினர் ஒருவர் சுப்பையா தாகத்தில் நாக்கை நனைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு பரிதாபப்பட்டிருக்கிறார். கொண்டுவந்த இளநீரை வெட்டிக் கொடுத்துவிட்டார். இவரும் மறுக்கவில்லை. வயிறு நிறையக் குடித்திருக்கிறார்.

இளநீரில் இருக்கிற பொட்டாசியம் என்கிற உப்பை நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். அது இல்லாதவனுக்கு ரத்தத்திலேயே தங்கி, முதலில் கால்களைக் கட்டிப்போடும். அப்புறம் இதயத்தை. டாக்டர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். தாளில் கூடாரம் அடித்த மாதிரி அலைகள் உயர்ந்து நின்றன. நான் பக்கத்தில் நின்று தாளைப் பிடித்திருந்தேன். டாக்டர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கால்சியம் ஊசியை நரம்பில் போட ஆரம்பித்தார். அவ்வளவு மெதுவாக யாரும் ஊசி போட்டு நான் பார்த்ததில்லை. கண் ஊசியில் இல்லை, தாளில் இருந்தது. கொஞ்சம் செலுத்துவார், நிறுத்துவார், அலையைப் பார்ப்பார். பிறகு குளுக்கோஸும் இன்சுலினும். கூடாரங்கள் தணிய ஆரம்பித்ததும் சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "இப்பக் கிளம்புங்க. மதுரைக்கு நான் போன் பண்ணிருதேன். நிறுத்தாமப் போங்க" என்றார். ஒரு நர்ஸும் நானும் அதே காரில் ஏறிக்கொண்டோம். சாத்தூரைத் தாண்டும்போது சுப்பையாவின் கால் பெருவிரல் அசைந்தது. அந்த விரலை மதுரை வரைக்கும் பார்த்துக்கொண்டே போனேன்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் அதோடு சளிக்காய்ச்சலும் சேர்ந்து, மதுரையிலேயே படுக்கையில் போட்டுவிட்டது. சேர்த்ததெல்லாம் போயிற்று. பொங்கலும் போயிற்று. அடுத்த வாரம் நான் பார்க்கப் போனபோது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "என்ன விட்ருங்க அண்ணாச்சி. போறது போகட்டும். எங்க அக்காளயும் அறுத்துப் போடணுமா?" என்றார்.

செல்லத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ராமலட்சுமி கட்டிலுக்கு அந்தப் பக்கம், அவர் முகத்துக்கு நேரே போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"ஏலே, இங்கன பாரு. எங்க வீட்டுக்காரக பேசல, மாமியா பேசல, ஒருத்தரும் சரின்னு சொல்லல. அம்புட்டுப் பேரையும் சமாளிச்சுட்டு என் உடம்புல ஒண்ண எடுத்து ஒனக்குத் தாரேங்கேன். அத வாங்கிக்கிட நீ எந்திரிச்சு வரமாட்டியோ?"

அக்காளின் புருஷன் வீட்டில் அப்படியொரு எதிர்ப்பு இருந்தது என்பது சுப்பையாவுக்கே அப்போதுதான் தெரியும். அவர் திரும்பி மல்லாந்து படுத்தார். அப்புறம் வலது கையை என் பக்கம் நீட்டினார். பட்டையைக் கொடுத்தேன். பாதரசம் கொஞ்சம்தான் ஏறியது. ஏறியவரைக்கும் போதும் என்றேன்.

மறுபடியும் தலையணைகளிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை அவர் ஒளிந்து நடக்கவில்லை. மாசி மாதம், மிளகாய்ப் பழம் பறிக்கிற சமயம், காடெல்லாம் ஆட்கள். அக்காளும் தம்பியுமாகத் தெரு வழியே காட்டுக்குப் போய் வருவார்கள். அரைக்கைச் சட்டை. எலும்பும் தோலுமாக இருந்த கையைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று போனார். வம்பு பேசிய வாய்கள் இரண்டொரு வாரத்தில் அடங்கிவிட்டன. அப்புறம் அவர்களே, "இன்னைக்குக் கொஞ்சம் வெரசா நடக்கானே" என்று கணக்கு வைக்க ஆரம்பித்தார்கள் என்று செல்லத்தாய் சொன்னார். வீட்டு வாசலில் இரண்டு தென்னங்கன்றுகள் இருந்தனவாம். இளநீர் வாசனையே வேண்டாமென்று சுப்பையா அவற்றைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம்.

பங்குனி கடைசியில் மெட்ராஸ் போனார்கள். நான் கூடப் போகவில்லை. நடந்ததைச் செல்லத்தாய் வந்து சொன்னதுதான். அதே சர்ஜன், அதே மாதிரி எழுந்து நிற்கச் சொன்னார். சுப்பையா எழுந்து நின்றார். நடந்து காட்டச் சொல்லாமலே வராந்தாவின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தார். சர்ஜன் அவருடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, யாரிடம் தேறினீர்கள் என்று கேட்டாராம். கோவில்பட்டியில் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு வாரம் கால் தரையில் படவில்லை. டாக்டர் அருணகிரியிடம் சொன்னேன். "அப்படியா, நல்லது" என்றுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். ஆனால் அன்று மாலை எல்லோருக்கும் காபி வாங்கிவரச் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே சுப்பையாவை உட்காரவைத்தார்கள், அதற்கு அடுத்த நாள் நிற்கவைத்தார்கள். மாத்திரைகள் முகத்தை ஊதவைத்தன, கொஞ்சம் சதையைக் கரைக்கவும் செய்தன. கரைக்க இப்போது ஏதோ இருந்தது. அக்காளும் தம்பியும் ஆடி பிறப்பதற்குள் ஊர் திரும்பினார்கள். அதன் பிறகு எத்தனையோ பேருக்கு நான் தலையணை அடுக்கியிருக்கிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனாலும், செய்த வேலையைப் பற்றி நினைக்கும்போது மனம் நிறைவாகத்தான் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு நாள் ராமலட்சுமி என் அறைக்கு வந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. டவுனுக்கு வந்த இடத்தில் என்னிடம் ஒரு பிராது வைக்க வந்திருக்கிறார். அவருடைய வெள்ளாடு தம்பியின் பருத்திக்குள் போய் மேய்ந்துவிட்டதாம். சுப்பையா வரப்பில் ஏறி நின்று, அக்காள் என்றும் பாராமல், ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டிருக்கிறார். இவரும் விடவில்லை. சாயந்திரம் வரைக்கும் சண்டை. ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நான் சமாதானமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். இதையெல்லாம் தம்பியிடம் எடுத்துச் சொல்லட்டுமா என்றும் கேட்டேன். அவர் அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணாச்சி. உச்சி வெயில்ல வரப்புல நின்னு, மூச்சு வாங்காம அம்புட்டு நேரம் எங்கூட மல்லுக்கு நிக்கான். நிக்கட்டும்."

பையை எடுத்துக்கொண்டு, நாகலாபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.